சீர்திருத்தப் பள்ளியைக் களமாக வைத்துக் கதை எழுதுபவர்களுக்கு

சிறார் குற்றக் கதை எழுதும் பலர் ஒரு சிறைப் படத்தை எடுத்துக் கைதிகளின் வயதை மட்டும் குறைத்துவிடுகிறார்கள். கைவிலங்கு, லாக்கப், சாட்சிக் கூண்டு எல்லாம் அப்படியே வந்துவிடும். இளைஞர் நீதிச் சட்டத்தில் (2015) இவற்றுக்கு இடமில்லை. 18 வயது நிரம்பாதவரைப் பிடித்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். உயர்ந்த மேடை கிடையாது. உங்கள் கதையில் போலீஸ் இதையெல்லாம் மீறலாம், நிஜத்திலும் மீறுகிறார்கள். ஆனால் அது மீறல் என்பது கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விசாரணை முடியும்வரை கூர்நோக்கு இல்லம். குழுமம் தண்டித்தால் சிறப்பு இல்லம், அதிகபட்சம் 3 ஆண்டு. சென்னைக் கதையென்றால் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லம், பிறகு செங்கல்பட்டு சிறப்பு இல்லம்.

ஜாமீனில்தான் நல்ல காட்சி இருக்கிறது. குற்றம் எதுவானாலும் சிறாரை விடுவிப்பதே விதி. வெளியே போனால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்று தோன்றினால் மறுக்கலாம். ஆக, பாசத்தோடு ஜாமீன் போட வரும் ஏரியா அண்ணனே பையன் உள்ளே கிடக்கக் காரணமாகலாம்.

வயதுக்கு எலும்புப் பரிசோதனை என்று உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள், அது கடைசி வழி. முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ். முதல் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட ஜூன் மாதத் தேதி ஒரு பையனின் தலையெழுத்தாகிவிடும். கணக்கு, குற்றம் நடந்த நாளில் அவன் வயது என்ன என்பதே.

ஏனென்றால் 16 நிரம்பியவன் மீது கொலை போன்ற கொடுங்குற்றம் இருந்தால், குழுமம் 3 மாதத்துக்குள் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். விளைவு புரிந்து செய்தானா என்று பார்க்கும். அதன் பிறகு வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகலாம், பெரியவர்களைப் போலவே விசாரணையும் நடக்கலாம். "உனக்குப் பதினெட்டு ஆகலடா, மாட்டினாலும் மூணு வருசம்தான்" என்று கத்தியைக் கையில் கொடுக்கும் அண்ணன் சொல்வது, 2016 ஜனவரி 15 முதல் அந்த வயதுப் பையனுக்குப் பொருந்தாத உறுதிமொழி. சிறாரைக் குற்றத்துக்குப் பயன்படுத்திய அந்த அண்ணனுக்கே 7 ஆண்டுவரை கடுங்காவலும் 5 லட்சம் அபராதமும் உண்டு.

மதிப்பீட்டு அறையில் பையன் அந்த வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லட்டும். விளைவு தெரிந்தே செய்தான் என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஏமாற்றப்பட்டான் என்றும் எடுத்துக்கொள்ளலாம். எதிரே இருக்கும் மூவரும் எதை எழுதுவார்கள் என்பதில் உங்கள் இரண்டாம் பாதியை வையுங்கள்.