ஒரே பெயரில் இரண்டு மன்றங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கணினிக் கடை வைத்திருப்பவன், சேவையகம் பார்த்துக்கொள்ளும் வேலையையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கிறது. செம்பனைச் சிறுதோட்டக்காரர்கள் சிலருக்காக ஒரு லெம்மி சேவையகத்தைப் பராமரிக்கிறேன். லெம்மி என்பது இணைய விவாத மன்றங்களுக்கான மென்பொருள்; அது ஓடும் சேவையகங்கள் தனித்தனியாக இருந்தாலும் ஒன்றோடொன்று பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும். அதில் 'செம்பனை' என்று ஒரு மன்றம் உண்டு. ஜொகூர்க்காரர்கள் நடத்தும் சேவையகத்திலும் அதே பெயரில் இன்னொன்று உண்டு. லெம்மியில் மன்றத்தின் பெயரோடு சேவையகத்தின் முகவரியும் சேர்ந்தே வருவதால் இதற்குத் தடை இல்லை.

கடைக்கு வரும் பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. தொழிற்சங்கத்தில் ஊறியவர். "சிதறிக் கிடந்த சங்கங்களைச் சேர்த்துத்தான் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்தது, தம்பி. இதையும் ஒன்றாக்கிவிடுங்கள்" என்றார். சம்பளம் பேச ஒரே குரல் வேண்டும், சரி. "இங்கே யாரிடம் ஐயா சம்பளம் பேசப் போகிறோம்?" என்று கேட்டேன். சிரித்தார், ஆனால் விடவில்லை.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓலையைச் சருகாக்கும் புழுவைப் படம் பிடித்து ஒருவர் இங்கே கேட்கிறார். அதற்கான பதில் போன மாதமே அங்கே கிடைத்திருக்கிறது. புதிதாக வருகிறவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்கிறார்.

ஆனால் பெயர்தான் ஒன்று, வீடு வேறு. ஜொகூர் மன்றத்தில் பூச்சிமருந்து வியாபாரிகள் தாராளமாக விளம்பரம் போடலாம். நம்முடையதில் விளம்பரம் கூடாது என்பது விதி. மருந்தடிக்க வேண்டாம், இரைகொல்லிப் பூச்சிகள் வரட்டும் என்று சொல்லவும் ஆள் இருக்கிறது. இரண்டையும் இணைத்தால் ஒரு விதிதான் மிஞ்சும், அதை யார் வகுப்பது என்ற சண்டையும் மிஞ்சும். சேவையகங்களும் நிலையானவை அல்ல. 2023 ஜூனில் பீஹா என்ற லெம்மி சேவையகம், புதியவர்களின் வெள்ளத்தைச் சமாளிக்க முடியாமல், லெம்மி வேர்ல்ட் என்ற பெரிய சேவையகத்தோடு தொடர்பையே துண்டித்துக்கொண்டது. அடுத்த மாதம் விலெம்மி என்ற சேவையகம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தது. மன்றம் தொடங்கப்பட்ட தாய்ச் சேவையகம் போய்விட்டால் மற்ற சேவையகங்களில் பழைய பதிவுகளின் நகல் தங்கும். புதிதாக எழுதுவது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேராது. சேவையகத்துக்கு வாடகை கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாவற்றையும் என் ஒருவன் பொறுப்பில் விடுவது நல்லதல்ல.

ஆளே இல்லாத மன்றத்தை மட்டும் தயங்காமல் பூட்டி, உயிருள்ள மன்றத்தின் முகவரியை வாசலில் எழுதிவைக்கலாம். மற்றபடி இணைப்பை வாசிப்பவர் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். லெம்மியோடு தொடர்புகொள்ளக்கூடிய பைஃபெட் என்ற மென்பொருளில் பல மன்றங்களை ஒரே பட்டியலாகத் திரட்டிப் படிக்க முடிகிறது. பெரியவருக்கு அதில் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். ஒரே கேள்வி இரண்டு முறை வருகிறது என்று இன்னும் குறைப்படுகிறார். மருந்தின் விலையை மட்டும் ஜொகூர்க்காரர்களிடம் கேட்கிறார். மருந்து தேவையா என்பதை நம்மவர்களிடம்தான் கேட்கிறார்.