எந்த ரெஜிமெண்ட்: தங்கச்சிமடம் நாட்குறிப்பு

25 நவம்பர் 2025, செவ்வாய்

அந்த ராணுவ அதிகாரியின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் இன்று தள்ளுபடி செய்துவிட்டது. செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்று முழுவதையும் கேட்டாள். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

2017இல் 3ஆவது கேவல்ரியில் சேர்ந்தவர் அவர். கிறிஸ்தவர்; சீக்கிய வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். ரெஜிமெண்டின் கோயிலுக்கும் குருத்வாராவுக்கும் தம் வீரர்களோடு செல்ல அவர் மறுக்கவில்லை. பூசை நடக்கும்போது கருவறைக்குள் மட்டும் நுழைய இயலாது என்றார். 2021இல் பணியிலிருந்து நீக்கினார்கள். கடந்த மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அது சரியே என்றது. இன்று கடைசிக் கதவும் மூடிவிட்டது.

தலைவன் விலகி நின்றால் பின்னால் நிற்பவர்களின் மனமும் விலகும் என்ற வாதத்தை, சீருடை அணிந்து வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த நான் எப்படி மறுப்பேன்? ஆனால், உள்ளே ஓர் அடி வைக்க முடியாமல் நின்ற அந்த இளைஞனின் மனத்தையும் என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் எனக்கு விளங்குகிறது, அதனால்தான் இந்த நேரத்தில் உறங்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். டேராடூனில் ராணுவ அதிகாரிப் பயிற்சியில் இருக்கும் எங்கள் மகனுக்கு இந்த மாதம் முடிவதற்குள்ளோ அடுத்த மாதத் தொடக்கத்திலோ ரெஜிமெண்ட் ஒதுக்கிவிடுவார்கள்.

26 நவம்பர்

டேராடூனிலிருந்து அழைப்பு இல்லை.

27 நவம்பர், வியாழன்

மழை வலுக்கும் முன் பாம்பன் பாலத்தைக் கடந்து வேதாளைக்குப் போய்வந்தேன். என்னோடு பட்டாளத்தில் இருந்த முஸ்லிம் நண்பர், நேற்று டயாலிசிஸ் முடிந்து வந்தவர், கட்டிலில் சாய்ந்தபடியே பேசினார். முகம் வீங்கியிருந்தாலும் குரலில் மட்டும் பழைய ஹவில்தார் அப்படியே இருக்கிறார். தீர்ப்பைப் பற்றி நான் தொடங்கும் முன் அவரே தொடங்கினார்.

அவர் சொன்னதை நான் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. ராமேசுவரம் கோயிலின் கருவறைக்குள் அருச்சகரைத் தவிர இந்துக்களிலேயே யார் நுழைய முடியும் என்று கேட்டார். நம் பட்டாளத்துக் கோயிலிலோ எந்தச் சாதிக்காரனும் சாமிக்கு அருகே நின்று தீபத்தட்டை ஏந்தலாம். அந்த வீரர்கள் தங்கள் அதிகாரியை உள்ளே அழைப்பது, ஊரில் தங்களுக்கே கிடைக்காத ஓர் இடத்தை அவருக்குக் கொடுப்பதாகும் என்றார். ஆகவே அந்த அழைப்பு பெரிய மரியாதை. அதே மரியாதை உத்தரவாக மாறும்போது என்ன ஆகிறது என்று நான் கேட்டேன். அவர் நெடுநேரம் பதில் சொல்லவில்லை. "சாப், அதுக்குத்தான் நமக்குப் பண்டிட்ஜி இருந்தாரு" என்றார் கடைசியில்.

28 நவம்பர், வெள்ளி

டிட்வா புயல் இலங்கையில் இருக்கிறது. இங்கே விடாத மழை. படகுகளையெல்லாம் கரையோரம் நெருக்கிக் கட்டிவிட்டார்கள். மின்சாரம் இல்லை. விளக்கடியில் அமர்ந்து அந்தப் பண்டிட்ஜியைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

வெலிங்டனில் நாங்கள் உறுதிமொழி எடுத்த அன்று, கீதையும் குர்ஆனும் பைபிளும் எங்கள் முன் கொண்டுவரப்பட்டன. வேதாளைக்காரரும் நானும் ஒரே வரிசையில் நின்றோம். அவரவர் நூலின் மேல் கை வைத்தாலும் நாங்கள் சொன்ன சொற்கள் ஒன்றே. 1758இல் தோன்றிய மதராஸ் ரெஜிமெண்டில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று தனித்தனிக் கம்பெனி இல்லை. தென்னாட்டவர் எல்லாரும் கலந்தே இருப்போம். ஞாயிறுதோறும் மந்திர் பரேட், அதாவது கோயில் அணிவகுப்பு, நடக்கும். காலணியைக் கழற்றிவிட்டு வரிசையாக நிற்போம்.

எங்கள் பண்டிட்ஜி நாயப் சுபேதார் பதவியில் இருந்த சமய ஆசிரியர். ஆரத்தி முடிந்து பிரசாதம் வரும்போது, வேதாளைக்காரரின் உள்ளங்கையில் தனியாக ஒரு பொட்டலத்திலிருந்து கற்கண்டு விழும். சாமிக்குப் படைத்ததை அவர் உண்ணமாட்டார் என்பதைப் பண்டிட்ஜி யாரிடமும் கேட்டு அறியவில்லை. தாமே கவனித்து, படைக்கும் முன்பே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவார். வரிசையில் வெறுங்கையோடு எவரும் நிற்கக் கூடாது, எவர் மனமும் நோகக் கூடாது என்பது அவருடைய எண்ணம். இதைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. நான் பக்கத்தில் நின்றதால் கண்டேன்.

மலையுச்சி முகாமில் ஒரு ரமலான் வந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவ அதிகாரி தடுத்துவிட்டார். விட்டுப்போன நோன்பைப் பிறகு நோற்கலாம் என்று மார்க்கம் அனுமதிப்பதால், கீழே இறங்கிய பின், ஊரெல்லாம் பெருநாள் முடித்து மறந்துவிட்ட மாதத்தில், வேதாளைக்காரர் தனியாளாக நோன்பு பிடித்தார். அந்த ஒரு மனிதனுக்காக, திருநெல்வேலிப் பக்கத்துச் சமையற்காரர் ஒவ்வொரு நாளும் விடியுமுன் எழுந்து லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையற்கூடத்தில், அடுப்பு மூட்டினார். அவருக்கு அப்படி உத்தரவிட்டவர் எவருமில்லை. பாரக்கில் பகலில் தேநீர் குடிக்க விரும்பியவர்கள் வெளியே போய்க் குடித்தார்கள். கிறிஸ்துமஸ் இரவில் என் காவலை அவர் ஏற்பார். பெருநாளன்று அவருடைய காவலை நான் ஏற்பேன். தீபாவளிக்கு நாங்கள் இருவரும் நிற்போம்.

ஆனால் நாங்கள் வரிசையில் நின்றவர்கள். மகன் வரிசைக்கு முன்னால் நிற்கப் போகிறவன். மூன்றாம் வரிசையில் நிற்பவனுக்குப் பண்டிட்ஜி மறைவாக ஒரு வழி செய்துவிடலாம். எல்லாருடைய கண்ணும் எவன் மேல் இருக்கிறதோ அவனுக்கு யார் வழி செய்வது? இந்த இடத்தில்தான் என் சிந்தனை ஒவ்வொரு முறையும் முட்டிக்கொள்கிறது.

29 நவம்பர்

மழை. வேதாளைக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. திங்கட்கிழமை டயாலிசிஸுக்கு எப்படிப் போவார்?

30 நவம்பர், ஞாயிறு

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து வரும் வழியில் அவள் பத்துக் கட்டளைகளில் முதலாவதைச் சொன்னாள்: என்னையன்றி வேறு தெய்வங்கள் உனக்கு இருக்கக் கூடாது. வேறொன்றும் சொல்லவில்லை, அதற்கு மேல் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. மகன் மறுத்து வேலையை இழந்தாலும் வருந்தமாட்டேன் என்றாள். அவளுடைய விசுவாசம் என்னுடையதைவிட உறுதியானது, அதை நான் மதிக்கிறேன். இருந்தாலும் தம் வீரனுக்காகக் கோயிலில் காலணி கழற்றி நிற்பவன் கடவுளை மறுதலிக்கிறான் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நிற்பது வேறு, வழிபடுவது வேறு என்று நான் சொன்னேன். அந்த வேறுபாடெல்லாம் அவனை உள்ளே இழுக்காதவரைக்கும்தான் என்று அவள் பதில் சொன்னாள்.

3 டிசம்பர், புதன்

திருக்கார்த்திகை. பக்கத்து வீட்டு அத்தை வழக்கம்போல் பொரி உருண்டை கொடுத்துவிட்டார். அவள் வாங்கி, பாதியை உடனே உண்டாள்.

வேலூரைப் பற்றி இன்று மீண்டும் படித்தேன். 1805இல் சென்னைப் படைக்குப் புதிய உடை விதி வந்தது: நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் கலந்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும். இந்துவும் முஸ்லிமும் ஒருசேரக் கொதித்தார்கள். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் எழுச்சி வெடித்தது. இரு தரப்பிலும் பலர் மாண்ட பின், கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிரேடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். வீரனுடைய நம்பிக்கையை அதிகாரி அறிந்திருக்க வேண்டும் என்ற பாடத்தை எங்கள் மண்ணில்தான் அந்தப் படை கற்றது. வீரர்களின் கோயிலுக்கு அதிகாரி செல்லும் இன்றைய வழக்கமும் அந்த அறிவின் தொடர்ச்சி என்றே நான் நினைக்கிறேன். அதே அறிவு அதிகாரியின் நம்பிக்கை வரை ஏன் நீளக் கூடாது?

5 டிசம்பர், வெள்ளி

அழைத்தான். குரல் கம்மியிருந்தது, குளிர் என்றான். தீர்ப்பைப் பற்றி அங்கேயும் பேசிக்கொள்கிறார்கள். "அப்பா, நம்ம ரெஜிமெண்ட் கிடைச்சா கவலை இல்ல" என்றான். எனக்குப் புரிந்தது. "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற எங்கள் போர் முழக்கத்தில் எந்தத் தெய்வத்தின் பெயரும் இல்லை. குமாவோன் ரெஜிமெண்டில் காளிகா மாதாவையும், டோக்ராக்கள் ஜ்வாலா மாதாவையும், கார்வாலிகள் பத்ரி விஷாலையும், சீக்கியர்கள் தங்கள் வாழ்த்தொலியையும் முழங்கித்தான் பாய்கிறார்கள். வேறு தெய்வத்தின் பெயரைச் சொல்லி ஓடும்போது தன் மனம் பின்வாங்கிவிடுமோ என்று கேட்டான். பதிலை யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இணைப்பு அறுந்துவிட்டது.

7 டிசம்பர், ஞாயிறு

படைவீரர் கொடி நாள். வேதாளைக்காரர் நடமாடுகிறார். அவருக்கு நான் வாங்கிச் சென்ற கொடியைச் சட்டையில் அவரே குத்திக்கொண்டார். மகனின் கேள்வியைச் சொன்னேன். தாம் அந்த வயதில் அப்படிக் கேட்டிருந்தால், சுடும்போது இதற்கெல்லாம் நேரம் இராது என்று யாராவது சொல்லியிருப்பார்கள், ஆனால் அது பதில் ஆகாது என்றார். முழங்குகிறவன் சாமியைக் கூப்பிடுகிறானா, பக்கத்தில் ஓடுகிறவனைக் கூப்பிடுகிறானா என்று அவனையே கேட்கச் சொன்னார்.

9 டிசம்பர், செவ்வாய்

வந்துவிட்டது. ராஜபுதன ரைபிள்ஸ்.

"ராஜா ராமச்சந்திர கீ ஜெய்" என்பது அவர்களுடைய முழக்கம். ராமநாதசுவாமியின் தீவில் பிறந்த பையன், நாள்தோறும் ரயிலில் வந்திறங்குகிறவர்களின் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டே வளர்ந்தவன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ரெஜிமெண்டில் நம்மவர் யாராவது இருந்திருக்கிறார்களா?

இருந்திருக்கிறார்கள். நாகாலாந்துக் கிறிஸ்தவரான கேப்டன் கெங்குரூஸ், கார்கில் போரில் 2ஆவது ராஜபுதன ரைபிள்ஸோடு நின்றவர். 1999 ஜூன் 28 அன்று திராஸ் பகுதியில் செங்குத்தான பாறையில் பனிக்குளிரில் பூட்ஸ் வழுக்கியதால், அவற்றைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் ஏறி எதிரியின் நிலைகளைத் தாக்கி உயிர்நீத்தார். மகாவீர் சக்ரா வழங்கினார்கள். அதே மாதம் 6ஆம் தேதி துர்துக் பகுதியில் 11ஆவது ராஜபுதன ரைபிள்ஸின் கேப்டன் ஹனீபுத்தீன் வீழ்ந்தார். அவருக்கு வீர் சக்ரா. அந்தப் போர்முனைப் பகுதிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். ராமச்சந்திரனின் பெயரை முழங்கும் வீரர்கள், தம் போர்முனையை ஹனீப் என்று அழைக்கிறார்கள்.

இரண்டையும் அவளுக்குச் சொன்னேன். கெங்குரூஸ் ஞாயிறுகளில் கோயிலுக்குள் போனாரா என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரோடு பாறையில் ஏறியவர்கள் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் அதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

10 டிசம்பர்

டேராடூன் பயணச்சீட்டு இன்னும் காத்திருப்போர் பட்டியலில்தான் இருக்கிறது. தாமும் வருவதாக வேதாளைக்காரர் அடம்பிடிக்கிறார். டேராடூனிலும் டயாலிசிஸ் செய்வார்களே என்கிறார். அவருடைய மகளிடம் பேச வேண்டும். என் மனைவி எங்கள் மகனுக்கு ஒரு கடிதம் எழுதி உறையை ஒட்டிவிட்டாள், நேரில் கொடுப்பாளாம். என் பதிலை நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை. பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு முன்பே அவனிடம் சொல்லிவிட வேண்டியவை: உன் வீரர்கள் அழைத்தால் போ, உள்ளே போக முடியவில்லை என்றால், அதைக் கமாண்டிங் ஆபீசரிடம் சொல்வதற்கு முன் அங்குள்ள பண்டிட்ஜியிடம் போய் உட்கார்ந்து