அமெரிக்காவைத் திறக்காமல் ஒரு கணக்கை அனுப்பினோம்

குளுவாங் பக்கம் ஒரு செம்பனை ஆலை அலுவலகத்தில் கணினி வேலைகளை நான்தான் பார்க்கிறேன். ராத்திரி முழுக்க வெளிநாட்டு இணைய (ஐபி) முகவரிகளிலிருந்து எங்கள் சர்வருக்குள் நுழைய முயற்சி நடப்பது, இணையத்திலிருந்து வருவதையும் போவதையும் சோதித்துத் தடுக்கும் பயர்வாலின் பதிவில் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மலேசியாவையும் சிங்கப்பூரையும் விட்டு மற்ற நாடுகளை உள்ளே வரவும் வெளியே போகவும் அடைத்துவிட்டேன்.

திங்கள் காலை, அலுவலகக் கணக்கு எழுதும் கிராணி அக்கா கூப்பிட்டார். "தம்பி, குலை எடைக் கணக்கு மேலே ஏறவே மாட்டேங்குது." கோப்புகளை இணையத்தில் ஏற்றி வைக்கும் மைக்ரோசாப்டின் ஒன்டிரைவில், கோப்பின் பக்கத்தில் நீல அம்புகள் சுற்றிக்கொண்டே இருந்தன. கோலாலம்பூர் அலுவலகம் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் சிறுதோட்டக்காரர்களுக்குப் பணம் போடும். அவர்களில் ஒருவர் எடைச் சீட்டை மடிப்பதும் விரிப்பதுமாக வாசலில் நின்றார். அவரைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பதிவைத் திறந்தேன். தடுக்கப்பட்டது மைக்ரோசாப்ட் முகவரி; நாடு அமெரிக்கா என்று இருந்தது. பயர்வால் காட்டும் நாடு ஒரு தரவுத்தளத்தின் கணிப்புதான். முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதும் அதில் சேரும். சர்வர் சிங்கப்பூரிலேயே இருந்தாலும் அமெரிக்கா என்று வரலாம்.

"அமெரிக்காவைத் திறந்து விட்டுடுங்களேன், தம்பி" என்றார் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே யாரும் ஒரு சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம், திருட வருகிறவன் உட்பட. அதனால்தான் இப்படி சர்வர்களை வாடகைக்கு விடும் ஒரு கிளவுட் நிறுவனத்தின் எல்லா முகவரிகளையும் உள்ளே வர விடுவதும் தப்பு என்கிறேன்.

ஒன்டிரைவ் அடங்கிய மைக்ரோசாப்ட் 365-க்கு எந்தெந்த முகவரி, எந்த போர்ட் (இணைப்பு வாசல் எண்) என்ற பட்டியலை அந்த நிறுவனமே வெளியிடுகிறது. ஒன்டிரைவ், அதோடு சேர்ந்த ஷேர்பாயின்ட் முகவரிகளை மட்டும் எடுத்து, 443 போர்ட்டில், இங்கிருந்து வெளியே போக ஒரு விதி எழுதினேன். அதை நாட்டுத் தடைக்கு மேலே வைக்க வேண்டும். எங்கள் பயர்வால் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். அம்புகள் நின்று பச்சை டிக் விழுந்தது. அக்கா வாசலைப் பார்த்து, "சரிங்க ஐயா, போயிடுச்சு" என்றார்.

பட்டியல் மாறும். புதிய முகவரிகளைப் பெரும்பாலும் 30 நாளுக்கு முன்பே சேர்த்துவிடுகிறார்கள். மாதத் தொடக்கத்தில் பார்த்து மாற்றுகிறேன்.

அப்புறம், வெளியே போவதற்கான நாட்டுத் தடையை ஒரு வாரம் தடுக்காமல் பதிவு மட்டும் எழுத விட்டேன். சம்பள மென்பொருள் உரிமம் சரிபார்க்கப் போகும் முகவரி அயர்லாந்து என்று அந்தப் பதிவில் சிக்கியது. சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.