போமோன்-ஹாமெல் அகழிகளுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது

வட பிரான்சில் அல்பேர் ரயில் நிலையத்திலிருந்து, முதல் உலகப்போர் அகழிகள் இருக்கும் போமோன்-ஹாமெல் பத்து கிலோமீட்டர்தான் இருக்கும். அந்தத் தூரத்துக்கு டாக்சிக்காரர் எங்களிடம் 45 யூரோ வாங்கிவிட்டார். போனில் கேட்டபோது 25 என்று சொன்ன அதே மனிதர், இறங்கும்போது இன்று ஞாயிற்றுக்கிழமை, திரும்பிப் போகும்போது வண்டி காலியாகப் போகும் என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். மீட்டரும் போடவில்லை. தம்பி பிரெஞ்சில் நன்றாகவே வாதாடிப் பார்த்தான், நடக்கவில்லை. பாரிசிலிருந்து மலிவு டிக்கெட்டாகத் தேடிப் பிடித்து ரயில் ஏறி, அமியானில் மாறி வந்தவர்களுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? பகல் கொள்ளை. அன்றைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு பஸ்ஸும் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த வாசலைத் தாண்டியபின் ஒரு காசு செலவில்லை. நுழைவு இலவசம், சுற்றிக்காட்டும் வழிகாட்டியும் இலவசம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் வழிகாட்டிக்குக் காத்திருக்காமல் மானின் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இந்த இடம் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்காரர்களின் நினைவிடம். இன்று கனடாவில் இருக்கும் அந்தத் தீவு 1916-ல் கனடாவின் பகுதி இல்லை, பிரிட்டிஷ் பேரரசுக்குள் தனி நாடு. மொத்த ஜனத்தொகை சுமார் இரண்டரை லட்சம். அந்தச் சின்ன நாடு அனுப்பிய ஒரே ஒரு ரெஜிமென்ட், இந்தப் பகுதியில் நடந்த சோம் போரின் முதல் நாளான ஜூலை 1 காலையில் இங்கே தாக்குதலில் இறங்கியது. போனவர்கள் சுமார் 800 பேர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர்.

இந்த எண்களை எங்கு வேண்டுமானாலும் படித்துவிடலாம். அந்தச் சரிவில் நின்றால்தான் அது எப்படி நடந்தது என்று புரிகிறது. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு கனடிய மாணவி. அந்தத் தீவிலேயே பிறந்தவராம். அவர் எங்களை முதலில் கூட்டிப்போனது முன்வரிசைக்கு அல்ல, அதற்கு 200 மீட்டருக்கும் மேல் பின்னால் இருக்கும் அகழிக்கு. நியூஃபவுண்ட்லாந்துக்காரர்கள் கிளம்பியது அங்கிருந்துதான். முன்னால் போகும் இணைப்பு அகழிகளில் முதல் அலையில் அடிபட்டவர்களும் செத்தவர்களும் அடைத்துக் கிடந்ததால், மேலே ஏறித் திறந்த வெளியில் நடந்தார்கள். அப்போது மணி ஒன்பதே கால். ஜெர்மானியர்கள் வசம் இருந்த ஹாத்தோர்ன் மேட்டுக்கு அடியில் பிரிட்டிஷார் வைத்த கண்ணிவெடியை 7.20-க்கே வெடிக்க வைத்திருந்தார்கள், தாக்குதல் தொடங்கியதோ 7.30-க்கு. அந்தப் பத்து நிமிஷமே எதிரிகளை உஷார்ப்படுத்தப் போதுமாக இருந்தது. ஒன்பதே காலுக்கு அந்தப் பகுதியில் வேறு யாரும் முன்னேறவில்லை. எதிரே இருந்த இயந்திரத் துப்பாக்கிகளுக்கு இவர்கள் மட்டும்தான் குறி. தங்கள் சொந்த முன்வரிசையை எட்டுவதற்கு முன்பே நிறையப் பேர் விழுந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் தங்கள் பக்கத்து முள்வேலியில் இருந்த இடைவெளிகளில் நெருக்கிக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது, அங்கே குறிபார்ப்பது இன்னும் சுலபம்.

"இவ்வளவுதானா அண்ணா தூரம்?" என்று தம்பி கேட்டான். ஆமாம், இவ்வளவுதான். பேசிக்கொண்டே நடந்தால் சில நிமிஷம். தரை இறக்கமாகப் போகிறது, ஒதுங்க ஒரு திட்டு கிடையாது. இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, ஆபத்து மரம் என்று அவர்கள் பெயர் வைத்த பட்ட மரத்தின் மாதிரி ஒன்று நிற்கிறது. அந்த இடத்தைச் சுற்றி விழுந்தவர்கள்தான் ரொம்ப அதிகம்.

எனக்கு ஆறவே ஆறாத விவரம் ஒன்று உண்டு. தங்கள் ஆட்கள் எங்கே போகிறார்கள் என்று பின்னாலிருந்து தெரியவேண்டும் என்பதற்காக ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு தகர முக்கோணம் தைத்திருந்தார்கள். அடிபட்டுக் கிடந்தவன் கொஞ்சம் அசைந்தாலும் அது வெயிலில் மின்னும். அதைப் பார்த்துச் சுட்டிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டை ஏதோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து நல்ல யோசனை என்று முடிவு செய்திருப்பார்கள்! அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 19,240 பேர்.

அகழிகள் இப்போது புல் மூடிக் கிடக்கின்றன, மழைநீர் அரித்துப் போட்ட ஓடை மாதிரி வளைந்து வளைந்து. சில இடங்களில் இறங்கி நடக்கலாம். விமி என்ற இன்னொரு போர்க்கள நினைவிடத்தில் மணல் மூட்டைகளைக் கான்கிரீட்டில் செய்து வைத்திருப்பதை முன்பு பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே நிலத்தை அதன் போக்கில் விட்டிருக்கிறார்கள். குண்டு விழுந்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடப்பதால் வேலி தாண்டக்கூடாது. வெண்கலக் கரிபூ மான் ஒரு பாறைக் குன்றின் மேல் நின்று ஜெர்மன் வரிசை இருந்த திசையைப் பார்க்கிறது. அதன் அடியில், முதல் உலகப்போர் முழுவதிலும் இறந்து, கல்லறை எங்கே என்றுகூடத் தெரியாத 800-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். ஜூலை 1 கனடா முழுக்கக் கொண்டாட்ட நாள், எங்கள் ஊரில் மட்டும் காலையில் துக்கம் முடிந்த பிறகுதான் கொண்டாட்டம் என்று அந்தப் பெண் சொன்னார்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. அல்பேரில் மதியம் டாக்சிக்கு முன்னால் ஃபிசெல் பிகார்ட் சாப்பிட்டோம். மெல்லிய தோசை போன்ற கிரெப்புக்குள் ஹாம், காளான், கிரீம் எல்லாம் வைத்துச் சுருட்டி, மேலே சீஸ் தூவி அடுப்பில் வைத்துப் பொன்னிறமாக எடுக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்க வந்தது. பாரிசில் இதே காசுக்குக் காய்ந்த சாண்ட்விச்தான் கிடைக்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் சமையலறையை மூடிவிடுவார்கள், அதனால் முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.

திரும்பும்போது டாக்சியைக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்து நடந்தோம். ஹாமெல் கிராமம் வழியாக அங்க்ர் ஆற்றைத் தாண்டி மேடு ஏறினால் தியெப்வால் நினைவு வளைவு. கல்லறை எங்கே என்று தெரியாத 72,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. வடிவமைத்தவர் எட்வின் லுட்யென்ஸ், டெல்லி இந்தியா கேட்டைக் கட்டிய அதே ஆள். அங்கிருந்து ஒத்துயீ, அவெலுயி வழியே அல்பேருக்கு இறங்கிவிடலாம். மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஜூனில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், கோடையில் போங்கள். நல்ல ஷூவும் தண்ணீர் பாட்டிலும் வேண்டும், வழியில் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. நடக்க முடியாதவர்கள் நாலு பேராகச் சேர்ந்து போய் டாக்சியைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், ஏறுவதற்கு முன்பே போக வர எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.