வி.டி.ஆர். கையில் இருந்தால் போதுமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் பாரம் பூர்த்தி செய்து கொடுக்கும் கடை ஒன்று நடத்துகிறேன். போட்டோகாப்பி, கடப்பிதழ்ப் படம், லேமினேட் எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் பக்கத்துச் செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலை. வெளிநாட்டுத் தொழிலாளர் ஃபைல்கள் என் மேசையில்தான் கிடக்கும். இரண்டு இடத்திலும் எனக்குச் சோறு போட்டது குடிநுழைவுக் காகிதங்களில் வரும் சுருக்கெழுத்துகள்தான். வி.டி.ஆர்., பி.எல்.கே.எஸ்., இ.சி.ஆர்., இ.டி.ஏ., பி.ஆர். என்று அது பாட்டுக்கு நீளும். கடைக்கு வருகிறவர்கள் அந்த எழுத்துகளைத் தப்பில்லாமல் சொல்வார்கள். சிலருக்கு முழுப்பெயர்கூட மனப்பாடம். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம், எதுவரைக்கும் செய்யலாம் என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

வி.டி.ஆரையே எடுத்துக்கொள்ளுங்கள். விசா டெங்ஙான் ருஜுக்கான், அதாவது முன் ஒப்புதலைக் காட்டி எடுக்கும் விசா. முதலாளி இங்கே விண்ணப்பித்து, குடிநுழைவுத் துறை ஒப்புதல் கொடுத்த பிறகு, அந்தக் கடிதத்தைக் காட்டித் தொழிலாளி தன் ஊரில் விசா எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவார். இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இறங்கிய ஒரு மாதத்துக்குள் ஃபொமேமா மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அதில் தேற வேண்டும். முதலாளி லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைப்பதற்காக அரசாங்கத்துக்குச் செலுத்தும் வரி, கட்ட வேண்டும். தோட்டத் துறைக்கு ஆண்டுக்கு 640 வெள்ளி (ரிங்கிட்). அதெல்லாம் முடிந்தால்தான் பி.எல்.கே.எஸ்., அதாவது தற்காலிக வேலை பாஸ். நாட்டுக்குள் நுழைய விட்டது ஒன்று, வேலை செய்ய விட்டது வேறொன்று.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் சிம் கார்டு பதிய நகல் எடுக்க வந்தார். கடப்பிதழைப் புரட்டினால் விசா ஒட்டியிருக்கிறது, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. வந்து பல மாதம் ஆகிவிட்டது.

"தம்பி, பெர்மிட் எங்கே?"

"இதோ ஒட்டியிருக்கே அக்கா, விசா. அப்புறம் என்ன?"

"இது உள்ளே வர்றதுக்கு. வேலை பாஸ் வேற. மெடிக்கல் போனீங்களா?"

"ரத்தம் எடுத்தாங்க. மத்ததை ஏஜென்ட் பாத்துக்குவேன்னு சொன்னான்."

எத்தனை பேர் வாயில் இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. ரத்தம் எடுத்தது உண்மை. லெவி கட்டியதாகத்தான் எந்தக் காகிதமும் இல்லை. அவரிடம் முதலாளியின் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் கேட்டு வாங்கச் சொன்னேன், கிடைக்கவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகும் வழியும் எழுதிக் கொடுத்தேன். இந்த இடத்தில் பயப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சோதனை வந்தால் முதலில் வண்டி ஏறுவது அவர்தான், ஏஜென்ட் இல்லை.

பி.எல்.கே.எஸ். கிடைத்தவருக்கும் ஒரு பிடி உண்டு. அதில் முதலாளியின் பெயரும் துறையும் இருக்கும். பெர்லாடாங்ஙான் என்றால் தோட்டத்தில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பானேன் என்று பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனால், அந்தப் பாஸ் அங்கே செல்லாது. நிறையப் பேர் கையில் நகல்தான் வைத்திருப்பார்கள். மடித்து மடித்துக் காலாவதி தேதி இருக்கிற இடம்தான் முதலில் தேய்ந்துபோகும். மூலப் புத்தகம் ஆபீஸ் பெட்டியில் இருக்கும். அடுத்தவர் கடப்பிதழைப் பூட்டி வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்று சொன்னால், பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறோம் என்பார்கள்.

இன்னொரு வகைக் காகிதம் இருக்கிறது, பெர்மிட் இல்லாத தொழிலாளரைப் பதிந்து சட்டப்படி ஆக்க அரசாங்கம் கொண்டுவந்த பழைய திட்டங்களின் துண்டு. 2011இல் வந்த 6பி திட்டத்தில் கைரேகை வைத்தபோது கொடுத்த சீட்டை இன்னும் பர்சில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2023இல் ஆர்.டி.கே. 2.0 வந்தபோது அதே கதை. பதிந்ததற்கான அத்தாட்சி அது. பெர்மிட் ஆவதற்கு அதற்கு மேல் பல படி உண்டு. நடுவில் காசு வாங்கியவர்கள் அந்தச் சீட்டையே பெர்மிட் என்று சொல்லி விற்றார்கள். எழுத்தும் எண்ணும் அச்சில் இருந்தால் நம் ஆட்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் புத்தகத்தில் நான் முதலில் தேடுவது இ.சி.ஆர்., அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற முத்திரை. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் இந்தியக் கடப்பிதழில் அது இருக்கும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, அந்த முத்திரை உள்ளவர் 18 குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பதினெட்டில் மலேசியாவும் ஒன்று. சோதனை தேவையில்லாதவர்களுக்கு இப்போது எந்த முத்திரையும் குத்துவதில்லை, அந்த இடம் வெறுமையாக இருக்கும். முத்திரை இருப்பதுதான் நல்லது என்று நினைத்து, "எனக்கு இ.சி.ஆரே போட்டுக் கொடுத்துட்டாங்க" என்று பெருமையாகச் சொன்னவரும் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் விசா இல்லாமல் இங்கே வரலாம் என்று ஆனது. சுற்றுலா வருகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஏஜென்டுகளுக்கும் நல்ல ஏற்பாடாகப் போய்விட்டது. எம்.டி.ஏ.சி. என்ற மின்னியல் வருகை அட்டையை நிரப்பிக் கொடுத்து, அதுதான் விசா என்று சொல்லி ஆளை அனுப்பிவிடுகிறார்கள். சுற்றுலா என்று வந்தவரிடம் குடிபெயர்வு அனுமதியை யாரும் கேட்பதில்லை. முப்பத்தொன்றாம் நாள் அவர் செம்பனைக் காட்டுக்குள் இருப்பார்.

சரி, நம் சொந்தச் சுருக்கெழுத்துக்கு வருவோம். ஏ/எல், ஏ/பி. அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், அதாவது இன்னாரின் மகன், இன்னாரின் மகள். இந்த நாட்டுத் தமிழருக்குப் பிறந்ததிலிருந்து பெயரோடு ஒட்டியது. வெளிநாட்டுப் பாரத்தில் இது படுத்துகிற பாடு தனி. கடப்பிதழின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கும், வரிக்கு 44 இடம், எந்திரம் படிப்பதற்கு. அங்கே எழுத்து, எண், ஒரு கூர்முனைக் குறி, இவை மட்டும்தான் வரும், சாய்கோட்டுக்கு இடமில்லை. விமானச் சீட்டு விற்கும் தளங்களும் சாய்கோட்டை ஏற்காது. ஒருவர் 'ஏஎல்' என்று அப்பா பெயரோடு சேர்த்து அடிப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். ஒரே குடும்பத்தில் அம்மாவுக்கு ஒரு மாதிரி, பிள்ளைக்கு ஒரு மாதிரி. கவுண்டரில் இருப்பவருக்கு இவர்கள் அம்மா பிள்ளைதானா என்றே சந்தேகம் வரும். குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும் பாரங்களில் எல்லாருக்கும் ஒரே முறையில் நிரப்புங்கள், விசாவில் போட்டதையே சீட்டிலும் போடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

அமெரிக்கப் பாரம் இன்னும் வேடிக்கை. முதற்பெயர் என்று தனியாக இல்லாதவர்கள் எஃப்.என்.யு. என்று நிரப்ப வேண்டும், முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு அதை விளக்கியதும் கோபம் வந்துவிட்டது. "தாத்தா வச்ச பேரும்மா, தெரியாதுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" நியாயம்தான். அவர் புத்தகத்தில் பெயர் முழுசாக இருந்ததால் அந்த மூன்றெழுத்து தேவைப்படவில்லை.

மின்னியல் பயண அனுமதியான இ.டி.ஏ.வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், ஒரு எச்சரிக்கை போதும். ஆஸ்திரேலியாவுக்குப் போக மலேசியர்கள் எடுப்பது இ.டி.ஏ., பிரிட்டனுக்கு 2025 ஜனவரி 8 முதல் வேண்டியதும் இ.டி.ஏ., இந்தியாவின் மின்விசா ஒப்புதல் தாளின் தலைப்பும் இ.டி.ஏ. மூன்றும் மூன்று அரசாங்கத்தின் தனித்தனி அனுமதி. மெல்பர்னுக்கு எடுத்ததை வைத்துக்கொண்டு லண்டன் போக முடியாது. இதில் எதை வைத்தும் வேலை பார்க்கப் போக முடியாது.

சிங்கப்பூருக்குப் போகும் நம் பையன்கள் கொண்டுவருவது ஐ.பி.ஏ. கடிதம். கொள்கையளவிலான ஒப்புதல், பாஸ் பிறகுதான் வரும். அதில் எழுதியிருக்கும் அடிப்படைச் சம்பளத்தைப் படித்துப் பார்க்காமல் பஸ் ஏறாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். வாயால் சொன்ன தொகையும் அதில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எனக்கு இத்தனை வருடத்தில் பழகாத ஒரே எழுத்து பி.ஆர்., நிரந்தரவாசத் தகுதி. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பாட்டியின் பேரனுக்கு ஆஸ்திரேலியாவில் பி.ஆர். கிடைத்தது. வீட்டில் விருந்து, கேக். அடுத்த வாரம் பாட்டி தன் அடையாளக் கார்டை நகல் எடுக்க வந்தார். சிவப்பு கார்டு, மைபிஆர், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு இந்த நாட்டில் கொடுப்பது. "எனக்கும் அதே பி.ஆர். தானேம்மா இருக்கு? அவனுக்கு மட்டும் எதுக்கு கேக் வெட்டுறாங்க?" என்று கேட்டார், கிண்டலா நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு அடையாளக் கார்டின் கதை வெளியூர்க் கதை இல்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அவசரகாலம் வந்தது. அந்த அவசரகாலத்தில்தான் 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் பதிந்து கார்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆனது. பிறகு 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றதும், தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். போகாமல் தங்கியவர்களில் பலர் சிவப்பு கார்டோடு நின்றுவிட்டார்கள். அவர்கள் ஓட்டுப் போட முடியாது. குடியுரிமைக்கு மனுப் போட்டால் மலாய் மொழி போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியே வயதான கிழவியிடம் அதிகாரி மலாயில் கேள்வி கேட்கும்போது, தெரிந்த வார்த்தையும் தொண்டையில் நின்றுவிடும். மைகாஸ் என்ற தற்காலிகப் பச்சைக் கார்டுக்காரர் நிலைமை இன்னும் மோசம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பாட்டிக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

இப்போது கடையில் பேச்சு கே.டபள்யூ.எஸ்.பி. பற்றி. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சேமநிதி கட்டாயம். தொழிலாளியிடம் 2 விழுக்காடு, முதலாளியிடம் 2 விழுக்காடு. சம்பளச் சீட்டில் புதிதாக ஒரு பிடித்தம் முளைத்ததும் வரிசையாக வருகிறார்கள். நேபாளக்காரர் ஒருவர் இது லெவியா என்றார். லெவி இல்லை, உங்கள் பேரில் சேரும் காசு, நாட்டை விட்டு ஒரேயடியாகப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றேன். முதலாளியின் பங்கும் ஏறுகிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நல்ல கேள்வி. அவருடைய கணக்கைக் கைப்பேசியில் திறந்து காட்டினேன். அவர் பங்கு, முதலாளி பங்கு இரண்டும் இருந்தன. போன மாதத்தினுடையது மட்டும் ஏறவில்லை. அதை ஆபீசில் கேட்கச் சொல்லி, திரையில் இருந்ததை அச்செடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.