கொப்பியில் விழுந்த கோடுகள்

நான் பயிற்சி கொடுக்கும் கல்லூரிக் கூடைப்பந்து அணி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றது. பிள்ளைகள் கூடைக்குள் எறிவது சரியில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பி, திருகோணமலையில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் பின்னேரங்களில் அவர்களை எறிய விட்டுக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாவது ஆட்டத்துக்கு ஒரு கொப்பியோடு போனேன். பந்து பறிபோகும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. முடிவில் 23 கோடுகள். பாதிக்கு மேல் நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே போனவை. 8 வினாடிக்குள் தாண்ட வேண்டும் என்ற விதியால் வந்த பதற்றம். எதிரணியில் இருவர் நெருக்கியதும் பந்து வைத்திருப்பவன் எங்கேயோ வீசிவிடுகிறான்.

அவனிடம் கேட்டேன். "சேர், நிமிர்ந்து பார்த்தா கிட்ட ஒருத்தரும் இல்லை. எல்லாரும் முன்னுக்கு ஓடிட்டினம்" என்றான். உண்மைதான். இத்தனை நாளும் பழியெல்லாம் அவன் தலையில் விழுந்திருந்தது. எனக்கு மனம் கனத்துப்போனது.

அப்புறம் எறியும் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தோம். உயரமான பையன் நடுவட்டத்துக்கு ஓடிவந்து, முகம் பந்தைப் பார்க்க, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே விரித்து நிற்க வேண்டும். இன்னொருவன் பந்துக்குச் சற்றுப் பின்னால். தரையில் தட்டக்கூடாது, கைமாற்றியே கொண்டுபோக வேண்டும். ஐந்து பேரை மறிக்க ஏழு பேர். முதல் வாரம் ஒரே குழப்பம். இரண்டாம் வாரம் "இஞ்ச, இஞ்ச" என்று ஒருவரையொருவர் கூப்பிடத் தொடங்கினார்கள்.

நேற்றும் தோற்றோம், 4 புள்ளியால். கோடுகள் 11. அந்தப் பையன் கொப்பியை வாங்கி இரண்டு தரம் எண்ணிப் பார்த்தான்.