மணலில் புதைந்த பொம்மை

தம்பி பிறந்ததிலிருந்து மகள் முகம் கொடுத்தே பேசவில்லை. என்ன கோபம் என்று கேட்டால் "ஒண்ணுமில்லம்மா". விளையாட்டுச் சிகிச்சைக்குப் போனோம். முதல் நாளே பாப்பா பொம்மையை எடுத்து மணல்தட்டில் புதைத்தாள். மேலே தட்டிவிட்டு இன்னொரு கை மணலும் போட்டாள். எனக்குப் பதறியது. சிகிச்சையாளர் தடுக்கவில்லை. "பாப்பா கண்ணுல படவே கூடாது, இல்ல?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். அத்தனை நாளில் அவள் தந்த முதல் பதில் அது!

1920களின் இறுதியில் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற மருத்துவர் தொடங்கியது இந்த மணல்தட்டு முறை. குட்டிப் பொம்மைகளை மணலுக்குக் கொண்டுபோனதே அங்கு வந்த குழந்தைகள்தான். வார்த்தை கிடைக்காத வயதில் கை பேசிவிடுகிறது. பொம்மையிடம் காட்டிய கோபம் யாருக்கும் வலிப்பதில்லை.

சில வாரம் கழித்து அவளே தோண்டியெடுத்து, பாப்பா முகத்து மணலை ஊதிவிட்டாள்.